பதினேழாம் எண் கேரியர்

அத்தியாயம் 14

அரசுத் துறையிலிருந்து வந்த கடிதம் ஒரு வாரமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பால் எடுக்கப் போனவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவை படித்தார்கள். எத்தனை தடவை படித்தாலும் அதில் இருந்த எண் மாறவில்லை. நாற்பது.

முதியோர் கூடத்துக்கு அரசு தரும் உதவி இன்னும் மூன்று ஆண்டுகளுக்குத் தொடர வேண்டுமானால், ஆய்வாளர் வரும் நாளில் அங்கே நாற்பது பேர் இருக்க வேண்டும். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை எண்ணுவார்கள். மதிய உணவு பரிமாறும்போது ஒன்று. சரியாக ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. 'இந்த உதவி உணவுக்கு மட்டுமன்று, முதியோர் கூடிப் பழகுவதற்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது' என்று ஒரு வரி. நாற்பது பேர் இல்லையென்றால் கூடம் மூடப்படும், வீட்டு வாசலுக்குப் பொட்டலம் மட்டும் வரும் என்று அடுத்த வரி.

கூடத்தின் பொறுப்பாளர் அக்கா. தலைமைச் சமையலும் அவள்தான். வேன் ஓட்டுவது தம்பி. இரண்டு பேரும் ஒரு வாரமாக அந்த நாற்பதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

காரணம் எளிது. கூடத்தில் பெயர் பதிந்திருப்பவர்கள் எழுபது பேர். வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருபத்துநாலு பேர்தான். மற்றவர்களுக்கு முழங்கால் வலி, முதுகு வலி, தலைசுற்றல். அவர்களுக்கு எண் போட்ட கேரியர் வீட்டுக்கே போகும். இந்த வலிகளில் பாதிக்குத் தம்பிதான் பொறுப்பு. கேரியரைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் நின்று ஊர்க்கதை பேசுவான். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பலருக்கு முழங்கால் வலித்தது.

இரண்டாவது எண்ணிக்கைக்கு எதிரி அக்காவேதான். சுத்தம் அவளுக்கு ஒரு வியாதி. கடைசி வாய் தொண்டைக்குள் இறங்குவதற்குள் தட்டு போய்விடும், மேசை துடைக்கப்பட்டுவிடும், நாற்காலி அடுக்கில் ஏறிவிடும். சாப்பிட்டவர்கள் நின்றுகொண்டே கை துடைத்துக்கொள்வார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அந்தக் கூடத்தில் யாரும் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்றுதான் அந்த நாள்.

"இன்னிக்கு யாருக்கும் கேரியர் கிடையாது," என்றாள் அக்கா, காலை ஏழு மணிக்கு வீட்டில் காலணியை மாட்டிக்கொண்டே. "படுத்த படுக்கையா இருக்கிற ஒம்பது பேருக்கு மட்டும் பதினொரு மணிக்கே கொடுத்துடு. மத்தவங்க எல்லாரையும் வேன்ல ஏத்து."

"வரமாட்டேன்னா?"

"தூக்கிட்டு வா."

"அக்கா, அதுக்குப் பேரு கடத்தல்."

"சோறு போடத்தானே கடத்துற? ஜட்ஜு விட்டுடுவாரு."

நாற்காலியில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்த அப்பா தலையை நீட்டினார். "எனக்கு?"

"உங்களுக்கும் கிடையாதுப்பா."

"பெத்த அப்பனைப் பட்டினி போடச் சொல்லி அரசாங்கம் எப்ப உத்தரவு போட்டுச்சு?"

"பட்டினி யாரு போட்டா? வேன்ல ஏறி வந்து சாப்பிடுங்க."

அப்பா பத்திரிகையை மறுபடி தூக்கினார். மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்தெட்டு வருடம் ஊரில் இருந்த வாசலெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது, இனி யார் வாசலுக்கும் போவதில்லை என்பது அவர் கொள்கை. மனைவி போன பிறகு அந்தக் கொள்கை இன்னும் கெட்டிப்பட்டது. எட்டு மாதமாக வீட்டு வாயிற்கதவைத் தாண்டவில்லை. மகள் கூடத்தில் சமைத்ததை, மகன் வேனில் கொண்டுவந்து, பதினேழாம் எண் கேரியரில் கொடுக்க, தனியாகச் சாப்பிடுவார்.

அக்கா கிளம்பிவிட்டாள். அப்பாவை அவள் நாற்பதில் சேர்க்கவே இல்லை. ஆனால், போகும்போது வாசலில் தம்பியிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள். "அந்த முப்பத்தொண்ணும் வருதுன்னு அப்பாகிட்ட சொல்லிப் பாரு."

தம்பி உடனே வீட்டுக்குள் போகவில்லை.

முப்பத்தொன்று யார் என்பதைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பா ஒரு நாள் காலி கேரியரின் மூடிக்குள் ஒரு சீட்டு வைத்து அனுப்பினார். 'சூப்பில் உப்பு இல்லை. சதுரங்கம் ஆட ஆளும் இல்லை.' மகளுக்கு எழுதிய குத்தல் அது. தம்பி மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டதில் சீட்டு முப்பத்தொன்றாம் எண் கேரியரில் போய்விட்டது. மறுநாள் பதில் வந்தது. 'எனக்கும் உப்பு இல்லை. வெள்ளைக் காய் உங்களுக்கு. முதல் நகர்வைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.'

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு நகர்வு. தம்பிதான் தபால்காரன். அப்பாவின் பலகை சன்னலோரம் இருந்தது. முப்பத்தொன்று ஆணா, பெண்ணா, குட்டையா, நெட்டையா என்று அப்பா கேட்டதில்லை. தம்பி சொன்னதும் இல்லை. ஆறு ஆட்டம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. மூன்றுக்கு மூன்று.

இன்று தம்பி வாயைத் திறந்தான். "அப்பா, முப்பத்தொண்ணு இன்னிக்குக் கூடத்துக்கு வரலாம்."

பத்திரிகை மெதுவாக இறங்கியது. "வருதா?"

"கேரியர் கிடையாதுன்னா வந்துதானே ஆகணும்?"

அப்பா எழுந்து சன்னலோரம் போனார். பலகையைப் பார்த்தார். நேற்று வந்த சீட்டில் முப்பத்தொன்று தன் ராணியைக் கொண்டுவந்து நேராக அப்பாவின் குதிரை வாயில் வைத்திருந்தது. ஏழு மாதத்தில் இப்படி ஒரு முட்டாள்தனம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் முழுக்க அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ராணியை எடுக்கிறப்ப அந்த மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்டா," என்றார். "என் நல்ல சட்டை எங்க?"

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குதிரை அங்கே இருக்க நியாயம் இல்லை என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன வாரம் அப்பா 'இடது குதிரை நடுவுக்கு' என்று எழுதிக் கொடுத்த சீட்டு தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. வேனில் சூப் வாளியின் மூடியைத் திறக்கக் குனிந்தான். சீட்டு உள்ளே விழுந்தது. கரண்டியால் எடுத்தபோது மை கரைந்து வெறும் தாள்தான் இருந்தது. அப்பாவிடம் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். சூப் விஷயம் அக்காவின் காதுக்குப் போகும், வாளி முழுவதையும் கொட்டச் சொல்வாள் என்ற பயம். அவனே ஒரு தாளை எடுத்து, யாருக்கும் தீங்கு வராத நகர்வு என்று நினைத்து, 'வலது ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் இரண்டு வேறு ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்பாவும் முப்பத்தொன்றும் நேரில் சந்தித்தால் அவன் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். சந்திக்காவிட்டால் நாற்பதில் இரண்டு குறையும். பதினோரு மணிக்குப் பிறகு வேனைக் கிளப்பும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்க நேரம் இல்லை. பலகையைக் காய்களோடு அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அப்பா முன் இருக்கையில் ஏறிவிட்டார்.

"மெதுவாடா. யானை ஆடுது."

"அப்பா, ரோடு அப்படி."

"நான் மீட்டர் பார்த்த காலத்துலயும் இதே பள்ளம்தான். இன்னும் மூடலையா?" எட்டு மாதம் கழித்து வெளியே வந்த மனிதர் முதலில் விசாரித்தது அந்தப் பள்ளத்தைத்தான். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகக் காட்ட ஆரம்பித்தார். "அந்த வீட்டு நாய் என்னைக் கண்டாலே கேட்ல ஏறும். இந்த வீட்ல மீட்டர் குளியலறைக்குள்ள. யாராவது குளிச்சிட்டிருந்தா நான் கதவுக்கு வெளியில நின்னு பாட்டுக் கேட்கணும்."

பின் இருக்கையிலிருந்து ஓய்வுபெற்ற தையல்காரர் குரல் கொடுத்தார். "நல்லாப் பாடுவாங்களா?"

"மின்சாரக் கட்டணம் ஏறின மாசம் யாரும் பாட மாட்டாங்க."

வேன் சிரித்தது. தம்பி கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் சூப்பை மறந்தே போனான்.

முதல் நடையில் பதினோரு பேர். இரண்டாவது நடையில் எட்டுப் பேர். அதில் கடைசியாக ஏறியவர் முப்பத்தொன்று. ஒல்லியான, மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள். வங்கியில் முப்பது வருடம் காசோலைகளின் கையெழுத்தைச் சரிபார்த்தவர். கையில் ஒரு துணிப்பை, ஒரு கோப்பு.

"கோப்பு எதுக்கும்மா?" என்றான் தம்பி.

"உங்க பதினேழு அனுப்பின சீட்டெல்லாம் இருக்கு. தேதிவாரியா."

வேன் அடுத்த பள்ளத்தில் விழுந்தது. இந்தத் தடவை பள்ளத்தின் மேல் தவறு இல்லை.

கூடத்து வாசலில் ஆய்வாளர் பதினொன்றே முக்காலுக்கே வந்து நின்றிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எதுவும் இல்லை. அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். சாப்பிடச் சொன்னாள்.

"விதி அனுமதிக்காதுங்க."

"வாசனை பார்க்கலாமா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றார் ஆய்வாளர். அவர் பேசிய முதல் வேடிக்கை அதுதான். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பரிமாறினார்கள். துறையின் ஊட்டச்சத்து அட்டவணைப்படி காய்கறி சூப், சோறு, பருப்பு, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். உப்பும் அட்டவணைப்படிதான். ஆய்வாளர் மேசை மேசையாகப் போனார். விரல் காற்றில் புள்ளி வைத்துக்கொண்டே போயிற்று.

"நாற்பத்தி மூணு."

அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு தடவை குதித்தாள். அப்புறம்தான் மூன்றாவது மேசையில் நல்ல சட்டை போட்ட ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். வேலையில் மூழ்கியிருந்ததில் முதல் நடையில் யார் இறங்கினார்கள் என்றே அவள் பார்த்திருக்கவில்லை.

"அப்பா!"

"என்னம்மா, சூப்ல உப்பே இல்ல?" என்றார் அப்பா, இங்கேயே தினமும் வந்து சாப்பிடுகிறவர் மாதிரி.

அக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அருகில் இருந்த மேசையைத் துடைத்தாள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, துணியைக் கொடு," என்றான் தம்பி தாழ்ந்த குரலில்.

"ஏன்?"

"ஒரு மணி வரைக்கும் உன் கையில துணி இருக்கக் கூடாது. நீ துடைச்சா ஆள் எழுந்துடும்."

"சாப்பாடு சிந்தியிருக்குடா."

"சிந்தட்டும். மூணு வருஷ உதவி, அக்கா."

அவள் துணியைக் கொடுத்தாள். குழந்தையைப் பிறர் கையில் கொடுப்பது மாதிரி கொடுத்தாள். பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பன்னிரண்டு இருபதுக்கு, துணி வராமலேயே, ஆட்கள் எழ ஆரம்பித்தார்கள். தையல்காரர் கைத்தடியைத் தேடினார். இரண்டு அம்மாள்கள் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அக்கா ஓடினாள். "உட்காருங்க, இன்னும் நேரமிருக்கு."

"உட்கார்ந்து என்னம்மா பண்றது? சாப்பிட்டாச்சு."

"பேசுங்க."

"எதைப் பத்தி?"

அக்கா நாற்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தவள். அவர்களை எதைப் பற்றிப் பேசச் சொல்வது என்று அவள் யோசித்ததே இல்லை. வாசலருகே ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா மனதுக்குள் கழித்தாள். முப்பத்தேழு.

அப்போதுதான் மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"என் ராணியா?"

கூடம் திரும்பியது. அப்பா தன் பலகையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எதிரே வங்கியம்மா, துணிப்பையிலிருந்து தன் காய்களை எடுத்துத் தன் பலகையில் அடுக்கி முடித்திருந்தார். இரண்டு பலகையும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் ஒன்றாக இல்லை.

"முப்பத்தொண்ணு ஒரு அம்மாளா இருக்கும்னு நான் நினைக்கல," என்று அப்பா அதற்குச் சற்று முன்தான் தொடங்கியிருந்தார். "ஆனா ஆட்டம் ஆட்டம்தான். குதிரை உங்க ராணியை எடுக்குது."

"எந்தக் குதிரை?"

"இந்தக் குதிரை."

"அது அங்க எப்படி வந்துச்சு?"

"போன வாரம் வந்துச்சு. எழுதி அனுப்பினேனே."

"எனக்கு வந்தது சிப்பாய்."

"சிப்பாயா? அந்த ஓரத்துச் சிப்பாயை நான் தொடவே இல்ல!"

வாசலருகே நின்ற ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். தையல்காரர் கைத்தடியை மறந்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்க, இருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. யார் ராணி, யார் குதிரை?"

"உங்களுக்குச் சதுரங்கம் தெரியுமா?"

"தெரியாது. சண்டை தெரியும்."

கூடம் இரண்டாகப் பிரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குதிரைக் கட்சி, சிப்பாய்க் கட்சி. ஆட்டம் தெரியாதவர்கள்தான் அதிக உறுதியோடு பேசினார்கள். ஒரு அம்மாள், "பொம்பளைன்னா ஏமாத்திடலாம்னு பார்க்குறாரு," என்றார். இன்னொருவர், "அவரு எங்க வீட்டு மீட்டரைப் பத்து வருஷம் பார்த்தவரு, ஒரு யூனிட் தப்பாப் போட்டதில்ல," என்று சாட்சி சொன்னார். தையல்காரர் கைபேசியை எடுத்து, காலையில் வர மறுத்த எதிர்க்கட்டிடத்து நண்பர்களைக் கூப்பிட்டார். "டேய், கீழ இறங்கி வாங்கடா. இங்க ஒரு அம்மாவோட ராணி போச்சா இல்லையான்னு பஞ்சாயத்து." பத்து நிமிடத்தில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

தம்பி சமையலறை வாசலில் நின்று, கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். அதில் ஈரமே இல்லை.

வங்கியம்மா கோப்பைத் திறந்தார். பக்கம் புரட்டினார். ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "தேதி இருக்கு. பாருங்க."

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது என் கையெழுத்தே இல்ல!"

"தெரியும்," என்றார் வங்கியம்மா.

தையல்காரர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"பேனாவை அழுத்தின அழுத்தத்துலயே தெரிஞ்சுது. முப்பது வருஷம் இதுதானே எனக்கு வேலை? நீங்க தாள் கிழியிற மாதிரி எழுதுவீங்க. இது பயந்து பயந்து எழுதின கை."

நாற்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பயந்த கை எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சூப்ல விழுந்துடுச்சுப்பா," என்றான் தம்பி.

"எது?"

"குதிரை."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. தையல்காரராக இருக்கலாம். ஆனால் அது பரவிய வேகம் தெரிந்தது. மேசைக்கு மேசை தாவி, சமையலறைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் வரை போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என் சூப்லயா?"

"அக்கா, கரண்டியால உடனே எடுத்துட்டேன்."

"தாளையா? மையோடவா? அதை எல்லாருக்கும் ஊத்தினியா?"

"அன்னிக்கு சூப் நல்லா இருந்துச்சே," என்றார் ஒருவர் பின்னாலிருந்து. "வழக்கத்தைவிட ருசியா இருந்துச்சு. உப்புக்குப் பதிலா மையே போடலாம்."

அதற்கு மேல் அக்காவாலும் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். துடைக்காத மேசை. அதன் மேல் முழங்கை. இந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அப்பா வங்கியம்மாவைப் பார்த்தார். "தெரிஞ்சுமா ஆடினீங்க? ஒரு சீட்டு எழுதிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்." அவர் சிப்பாயை எடுத்து விரலில் உருட்டினார். "கேட்டா உங்க பையன் பயந்துபோய்ச் சீட்டு கொண்டு வர்றதையே நிறுத்திட்டா? காலையில எழுந்ததும் பன்னிரண்டு மணி எப்ப ஆகும்னு இருக்கு எனக்கு. ஒரு பொய்ச் சிப்பாய்க்காக அதை விட முடியுமா?"

அப்பா தன் பலகையில் இருந்த குதிரையை எடுத்தார். பழைய இடத்தில் திரும்ப வைத்தார்.

"போன வாரத்துலேர்ந்து மறுபடி ஆடலாம்," என்றார். "ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல."

"உங்களுக்கு ஒரு ராணி நஷ்டம்."

"அது உங்க ராணி. எனக்கு எப்படி நஷ்டம்?"

"வேணும்னா ஜெயிச்சு எடுத்துக்குங்க."

குதிரைக் கட்சி கைதட்டியது. எதற்கென்று தெரியாமலே சிப்பாய்க் கட்சியும் தட்டியது.

ஒரு மணி அடித்தது. ஆய்வாளர் எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு வரை போய் நின்றார். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். அக்கா பக்கத்தில் ஓடி வந்தாள். "என்ன சார், ஏதாவது குறையுதா?"

"இல்லீங்க. அந்த அம்மாவோட மந்திரி அந்தப் பக்கம் வந்தா இவருக்கு யானை போயிடும். அதைப் பார்த்துட்டு எண்ணிக்கையை விட்டுட்டேன்."

மூன்றாவது தடவை எண்ணி முடித்தார். டேப்லெட்டில் தட்டினார். புருவம் சுருங்கியது. மீண்டும் தட்டினார்.

"நாற்பத்தி ஏழு," என்றார்.

"நாற்பது போதும்தானே?"

"போதும். ஆனா படிவம் ஏத்துக்க மாட்டேங்குது." அவர் திரையைக் காட்டினார். சிவப்பு எழுத்து. 'இரண்டாம் எண்ணிக்கை முதல் எண்ணிக்கையை மீறக் கூடாது.' "இதை எழுதினவங்க, சாப்பாடு முடிஞ்ச அப்புறம் கூட்டம் கூடும்னு நினைச்சுப் பார்க்கல போலிருக்கு."

எதிர்க்கட்டிடத்து நாலு பேரும் குற்றவாளிகள் மாதிரி எழுந்து நின்றார்கள். "நாங்க போயிடட்டுமா?"

"உட்காருங்க!" என்று ஆய்வாளரும் அக்காவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆய்வாளர் மேலதிகாரிக்கு போன் போட்டார். இந்தப் பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. "ஆமாம் மேடம், கூடியிருக்கு... இல்ல மேடம், தப்பா எண்ணல, மூணு தடவை எண்ணினேன்... முதல் எண்ணிக்கையையே போடவா? அப்ப இந்த நாலு பேரை நான் எங்க மேடம் ஒளிச்சு வைக்கிறது? கண்ணு முன்னால உட்கார்ந்திருக்காங்க, வாழைப்பழம் சாப்பிடுறாங்க... காரணமா? சதுரங்கம், மேடம்." நீண்ட நேரம் கேட்டார். போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒரு எண்ணிக்கை வந்ததில்லையாம். நாளைக்கு மத்தியானம் அவங்களே நேர்ல வர்றாங்க. பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவாங்களாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நானும் வரேன். வேலையாத்தான்."

நாளைக்கு மறுபடி நாற்பது. அக்கா கூடத்தைப் பார்த்தாள். சிந்திய சோறு, சிதறிய பழத்தோல், கலைந்த நாற்காலிகள், யாரும் எழுந்துபோகாத மேசைகள். தம்பி துணியை நீட்டினான்.

"வேணாம்," என்றாள். "இருக்கட்டும்."

மாலை ஏழு மணி. அப்பா தன் காலணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பளபளப்பு வந்த பிறகும் விடவில்லை.

"வேன் நாளைக்கு எத்தனை மணிக்குடா?"

"பதினொண்ணரைக்கு."

"பதினொண்ணுக்கே வா. முன் சீட்டு எனக்கு."

அக்கா தட்டு வைக்க வந்தவள், மேசை நடுவில் பதினேழாம் எண் கேரியர் மூடியபடி நிற்பதைப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் கேரியரே கிடையாதே? இது எப்படி இங்க வந்துச்சு?"

"கிளம்பும்போது அந்த அம்மா கேட்டாங்க. சமையலறை அலமாரியிலேர்ந்து தம்பிதான் எடுத்துக் கொடுத்தான். உள்ள என்னவோ போட்டு மூடி என் கையில கொடுத்தாங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூடத்துல வச்சுத்தான் திறக்கணுமாம்."

"அடுத்த நகர்வா இருக்கும். சீட்டு," என்றாள் அக்கா.

அப்பா கேரியரை எடுத்து மெதுவாக ஆட்டினார். உள்ளே ஏதோ ஒன்று பாத்திரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டு, டங் என்று முட்டியது.

மூன்று பேரும் கேரியரைப் பார்த்தார்கள்.

"தாள் இப்படிச் சத்தம் போடாது," என்றார் அப்பா.

தம்பியின் கை மூடியின் பக்கம் நகர்ந்தது. அப்பா அதை ஒரு தட்டு தட்டினார். "வாக்குக் கொடுத்திருக்கேன்டா." கடிகாரத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "இன்னும் பதினேழு மணி நேரம்."

எண்ணி முடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆட்டினார்.